மற்றவர்களின் ஆட்சேபம்

அனுமதி கிடைக்காமல் சீரழிந்தவர்களைத் திருவொற்றியூரில் தெருவுக்குப் பத்துப் பேராக எண்ணலாம். அனுமதி அளவுக்கு மீறிக் கிடைத்துச் சீரழிந்தவர்கள் வடகரைச் சங்கத்துக்காரர்கள் மட்டும்தான். அதை முதலிலிருந்து கடைசி வரை பக்கத்தில் நின்று பார்த்தவள் வேம்பு.

வேம்புவுக்கு இருபத்தாறு வயது. தண்டையார்பேட்டையில் ஒன்பது மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வடகரைச் சரக்கேற்றுத் தொழிலாளர் சங்கத்தில் கடிதம் அடிக்கும் வேலையில் இருந்தாள். சங்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கப்பலிலிருந்து வரும் சரக்கை யார்டில் இறக்கி அடுக்குகிறவர்கள். அதில் நூற்று எண்பத்தேழாம் எண் அவளுடைய அப்பா மண்ணாங்கட்டி. அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால், இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று வைத்த பெயர். எமன் ஏமாந்துதான் போனான். வாரியம் ஏமாறவில்லை.

வாரியம் என்றால் வடகரைத் தொழிலாளர் பதிவு வாரியம். அதன் பட்டியலில் பெயர் இருந்தால்தான் யார்டு வாசலைத் தாண்ட முடியும். ஒவ்வொரு வருடமும் மார்ச் முப்பத்தொன்றுக்குள், ‘இன்னும் இருக்கிறேன், இன்னும் உழைக்கிறேன்’ என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாதவன் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்த பெயர் திரும்ப ஏறாது. புதிய பதிவை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

இத்தனை காலமும் உறுதி சொல்வதென்பது வரிசையில் நின்று கைநாட்டு வைப்பதுதான். இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஜனவரியில் வாரியம் தாளை ஒழித்தது. இனி எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்ற அறிவிப்பு ஒவ்வொரு சங்கத்துக்கும் நான்கு பிரதி தாளில் வந்தது. ராயபுரத்தில் இருக்கும் வாரியத்தின் சர்வரில் சங்கத்துக்கு ஒரு ஃபோல்டர் ஒதுக்குவார்கள். சங்கம் தனக்கான நிரலைத் தானே எழுதி அதில் போட வேண்டும். நிரல் ஓடினால் பெயர்கள் ஒவ்வொன்றாக வாரியப் பட்டியலில் ஏறும்.

வேம்பு இரண்டு வாரம் உட்கார்ந்து நிரலை எழுதினாள். சங்கக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. வேலை முடிந்து வந்த மண்ணாங்கட்டி திரையை எட்டிப் பார்த்தார்.

“நான் உள்ள கீறனா?”

“கீறே நைனா. இதோ, நூத்தி எம்பத்தேழு.”

அவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பெயரைப் படிக்கத் தெரியாது, எண் தெரியும்.

மறுநாள் அதே நிரலை ராயபுரத்து சர்வருக்கு அனுப்பி, பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ‘ஐந்நூறு. உள்ளே ஏதோ கோளாறு. நிர்வாகியை அணுகவும்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை இல்லை.

நிரலின் முதல் வரியில், அதை ஓட்டும் பெர்ல் என்ற மென்பொருள் சர்வரில் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். அந்த இடம் தவறோ என்று விசாரித்துத் திருத்தினாள். ஐந்நூறு வந்தது. சங்கக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை ஒட்டிவிடும் என்று புத்தகத்தில் படித்து, அத்தனை வரியிலிருந்தும் அதை நீக்கினாள். ஐந்நூறு வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘வணக்கம்’ என்று மட்டும் சொல்லும் ஒரு சின்ன நிரலை எழுதிப் போட்டாள். வணக்கத்துக்கும் ஐந்நூறுதான். வணக்கம் சொல்வதே கோளாறு என்றால் குற்றம் நிரலில் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“சரக்கு தூக்கற வின்ச்சு கிளம்பலன்னா ஒரு எத்து எத்துவோம்,” என்றார் மண்ணாங்கட்டி. “உன்னுத எங்க எத்தணும்?”

“அது ராயபுரத்துல கீது நைனா.”

“அப்ப அங்க போயி எத்து.”

போனாள். கணினி மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில் சர்வர் இருந்தது. நெற்றி என்று எதைச் சொல்வதென்று தெரியாததால் நான்கு பக்கமும் குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே எலுமிச்சம்பழம் தொங்கியது. இந்தப் பக்கம் காற்றாடி இல்லாத வராந்தாவில் பெஞ்சு.

எந்தக் கோளாறுக்கும் காரணத்தை சர்வர் தன் குறிப்பில் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைப் பார்க்க ஒரு படிவம் இருந்தது. அதில் ‘கோளாறுக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். வேம்பு அதைக் காலியாக விட்டாள். எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“காரணம் தெரியாமத்தானே சார் வந்திருக்கேன்?”

“காரணம் இல்லாத கோளாறை நாங்க பதிவு பண்றதில்லைம்மா.”

அவள் யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ‘தலையெழுத்து’ என்று எழுதினாள். எழுத்தர் படித்தார், முத்திரை குத்தினார், உள்ளே அனுப்பினார்.

குறிப்பை எடுத்துவந்தவன் அஜின். நாகர்கோவில் பக்கத்துப் பையன், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வந்தவன். ஒற்றை வரி இருந்த தாளை அவளிடம் நீட்டினான்.

“உங்க நிரல்ல ஒரு குத்தமும் இல்ல, பாத்துக்கிடுங்க. ஃபோல்டருக்கு பர்மிஷன் கூடிப் போச்சு.”

“கூடிப் போச்சா?”

“ஆமா. இந்த சர்வர் ஒவ்வொரு சங்கத்துக்க நிரலையும் அந்தந்த சங்கத்துக்க பேருலதான் ஓட்டும். ஓட்டதுக்கு முன்ன ஒண்ணு பாக்கும். இதுல வேற எவனாவது கை வைக்க முடியுமான்னு. முடியும்னா ஓட்டாது. ஏன்னா வழில போறவன் ஒரு வரி எழுதிப் போட்டாலும் அது உங்க பேருலல்லா ஓடும்? உங்க ஃபோல்டருல ஊருல உள்ளவன் எல்லாம் எழுதலாம்னு இருக்கு. ஏழு ஏழு ஏழுன்னு மூணு ஏழு.”

“அப்ப குறைக்கணும்.”

“பின்னால உள்ள ரெண்டையும் அஞ்சாக்கணும். அஞ்சுன்னா படிக்கலாம், ஓட்டலாம், எழுத முடியாது. ரெண்டு செகண்டு வேலை.”

“பண்ணிடுங்களேன்.”

அஜின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “பர்மிஷனைக் குறைக்கதுக்கு எனக்கு பர்மிஷன் இல்ல,” என்றான்.

அது இணை இயக்குநர் வல்லரசுவிடம் இருந்தது. அவர் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், தங்கச் சட்டம் போட்ட கண்ணாடிக்குள் 777 என்று எழுதி மாட்டியிருந்தது. அதற்கும் ஒரு முழம் கதம்பம்.

“உட்காருங்கம்மா,” என்றார் வல்லரசு. கனிவான மனிதர். அவர் யாரையும் அதட்டி வேம்பு கடைசி வரை பார்க்கவில்லை. “முப்பது வருஷமா அனுமதி கொடுக்கிற வேலையில இருக்கேன். அனுமதி வரலைன்னு மனு வரும். தாமதம்னு மனு வரும். அதிகமா இருக்கு, குறைச்சுக் கொடுங்கன்னு வந்த முதல் மனு உங்களோடது. மனசு கொஞ்சம் கஷ்டமா இருக்கு.”

“அது இருந்தா நிரல் ஓட மாட்டேங்குது சார்.”

“முதல் ஏழு உரிமையாளருக்கு. அதாவது உங்களுக்கு. இரண்டாவது ஏழு குழுவுக்கு. உங்க செயலாளர் ஞானம் ஐயாவுக்கு. மூன்றாவது ஏழு மற்றவர்களுக்கு. படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். பதினான்காம் சுற்றறிக்கை நான் எழுதினது. ஒரு சங்கத்துக்குக் கூட, ஒரு சங்கத்துக்குக் குறைவுன்னு பேச்சு வரக்கூடாதுன்னு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்தேன். எங்கிட்ட இருந்ததுல ஒண்ணைக்கூட மிச்சம் வைக்கலை.”

“மற்றவர்கள்னா யாரு சார்?”

“லாகின் பெயர் இல்லாத எல்லாரும். உங்க சங்கத்துல மிச்சம் உள்ள முந்நூறு சொச்சம் பேர், வெளியில இட்லி விக்கிறவங்க, ரோட்டுல போறவங்க. அவங்களுக்கு இந்த நாட்டுல யாரும் எதுவும் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன்.” அவர் சட்டம் போட்ட எண்ணைப் பார்த்தார். “பயன்படுதா இல்லையாங்கிறது வேற விஷயம். அனுமதி கொடுக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது.”

வேம்பு மனுவை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பிப்ரவரி பிறந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து அஜின் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினான். குரலைத் தாழ்த்தி, “இப்பம் மாத்துகேன். ஆனா பதினாலாம் சுற்றறிக்கையை சர்வருலயே ஏத்தி வச்சிருக்காவ. பத்து நிமிஷத்துக்கு ஒருக்க அதுவாவே ஓடி, குறைஞ்சத எல்லாம் திருப்பி மூணு ஏழு ஆக்கிடும். பத்து நிமிஷத்துல எத்தன பேர ஏத்த முடியுமோ ஏத்துங்க,” என்றான்.

பக்கம் திறந்தது. வேம்பு முதன்முறையாகத் தன் நிரல் ராயபுரத்தில் ஓடுவதைப் பார்த்தாள். வாரியத்தின் பட்டியல் பதிவு எண் வரிசையில்தான் பெயரை வாங்கும். நடுவிலிருந்து எடுத்துப் போட முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயருக்கும் அப்பன் பெயர், பிறந்த தேதி, உடல் அடையாளம். பதினோராம் ஆளின் இடது புருவத்துத் தழும்பை அடித்து அனுப்பினாள், ஏறியது. பன்னிரண்டாம் ஆளுக்கு ஐந்நூறு வந்தது. நூற்று எண்பத்தேழு வெகுதூரத்தில் இருந்தது.

மறுநாள் அஜினுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ‘அரசு வழங்கிய அனுமதியைப் பத்து நிமிடம் பறித்தது ஏன்?’ அவனுடைய கடவுச்சொல்லை மாற்றி, விசைப்பலகை இல்லாத மேசை ஒன்றில் உட்கார வைத்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் வேம்புவின் மனுவுக்கும் பதில் வந்தது. குழுவின் அனுமதியைக் குறைக்கச் செயலாளர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஞானம் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். மற்றவர்களின் அனுமதியைப் பொறுத்தவரை, ‘ஒருவருக்கு வழங்கியதை அவரைக் கேட்காமல் எடுப்பது இயற்கை நீதிக்கு முரண். ஆகவே மற்றவர்கள் அனைவருக்கும் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படும். ஆட்சேபம் எதுவும் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் அனுமதி குறைக்கப்படும்.’ கூட்டம் மார்ச் இருபத்தெட்டு. திருவொற்றியூர்க் கல்யாண மண்டபம்.

அந்த மண்டபத்தில் கல்யாணத்தைவிடக் கருத்துக் கேட்புதான் அதிகம் நடந்திருக்கும். எண்ணூர் வரைக்கும் எந்தக் குழாய் பதிக்க வேண்டுமானாலும், எந்தப் புகைபோக்கி எழும்ப வேண்டுமானாலும், முதலில் இங்கே நாற்காலி போடுவார்கள். மேடையில் அதிகாரிகள், கீழே மக்கள், கடைசியில் பொங்கல் பொட்டலம். மக்கள் முடியாது என்பார்கள். அதை ஒருவர் எழுதிக்கொள்வார். ஆறு மாதத்தில் குழாய் வந்துவிடும். இரு தரப்புக்கும் பழகிய சடங்கு.

சங்கத்தில் வேம்பு நிலைமையைச் சொன்னாள். “யாரும் போவாதீங்க. எவனும் ஆட்சேபம் சொல்லலன்னா அன்னிக்கே குறைச்சிடுவாங்க. மூணு நாள் இருக்கும், எல்லாப் பேரையும் நான் ஏத்திடுவேன்.”

ஞானம் தலையை ஆட்டினார். முப்பது வருடச் செயலாளர். “ஆள் இல்லாம கூட்டத்த வுட முடியாதும்மே. சடையங்குப்பத்துல இன்னா ஆச்சு? தண்ணி வடியற வாய்க்கால மூடப் போறேன்னு கூட்டம் போட்டான். அன்னிக்கு மழை. எவனும் போவல. ‘மக்கள் மகிழ்ச்சியோடு மௌனம் காத்தனர்’னு எழுதிக்கினு பூட்டான். இன்னிக்கும் கார்த்திகை வந்தா இடுப்பளவு தண்ணில நிக்கிறாங்க. காலி நாற்காலிய அவன் இன்னா வேணா எழுதிக்குவான்.”

“அப்ப போயி, சரின்னு சொல்லுங்க.”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரின்னு எப்டி சொல்றது?” என்று கேட்டார் மண்ணாங்கட்டி. கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அந்த மண்டபத்தில் அவர் ஏழு கூட்டத்தில் பேசியிருக்கிறார். சரி என்று யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

வேம்பு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். ‘எழுதும் அனுமதி எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.’ மூத்தவர் என்பதால் மண்ணாங்கட்டியே சொல்வது என்று முடிவானது. அந்த மாதம் முழுக்க அவர் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் துலக்கும்போது சொன்னார். யார்டில் சரக்கு மூட்டைகளைப் பார்த்துச் சொன்னார்.

“வேண்டாம்ன்றது ஈஸியா வருது கண்ணு,” என்றார் ஒருநாள். “எட்த்துக்கோன்றதுதான் நாக்குல நிக்கமாட்டேங்குது.”

மார்ச் இருபத்தெட்டு காலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் முந்நூறு பேர். தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்த மற்றவர்கள் நூறு பேருக்கு மேல். என்ன அனுமதி, எதில் எழுதும் அனுமதி என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ தங்களிடம் இருந்திருக்கிறது, அதை எடுக்கப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

வேம்பு முன்வரிசையில் உட்காரப் போனாள். ஊழியர் ஒருவர் அவளைச் சுவரோரத்துக்குக் கூட்டிப்போனார். உரிமையாளருக்குத் தனி நாற்காலி. பேச அனுமதி இல்லை.

வல்லரசு குத்துவிளக்கு ஏற்றினார். “அன்பார்ந்த மற்றவர்களே,” என்று ஆரம்பித்தார். “உங்களை யாரும் இதுவரை இப்படி அழைத்திருக்க மாட்டார்கள். சர்வர் என்பது இயந்திரம். அதற்குச் சந்தேகம் உண்டு. மற்றவர்கள் எழுதலாம் என்றால் அது இயங்க மறுக்கிறது. இந்த வாரியத்துக்குச் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் நீங்கள் எழுதுவதை நாங்கள் படிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அனுமதி கொடுத்தோம்.”

கைதட்டினார்கள்.

முதலில் ஒலிவாங்கியைப் பிடித்தவர் ஜஹானாரா. யார்டு வாசலில் இட்லி விற்கிறவர். “எனக்கு எழுதத் தெரியாது,” என்றார். “தெரியாதவ கையில எதுக்குன்னு எட்த்துக்கறீங்களா?”

“இது ஆட்சேபமா, கேள்வியா?” என்று கேட்டார் வல்லரசு.

ஜஹானாரா யோசித்தார். “கேக்கறேன்.”

“கேள்வி என்று எழுதிக்கொள்ளுங்கள்.”

வேம்பு மூச்சை விட்டாள்.

அடுத்து நெட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் வந்தார். கழிமுகத்தில் சாம்பல் படிந்ததையும், இறாலைத் தேடி இடுப்பளவு சேற்றில் கையால் துழாவுவதையும் இருபது நிமிடம் சொன்னார். மண்டபம் அசையாமல் கேட்டது.

“இது பொருளுக்குத் தொடர்பில்லாதது,” என்றார் வல்லரசு, வருத்தத்தோடு. “துயரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.”

மூன்றாவதாக மண்ணாங்கட்டி எழுந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, வேம்பு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுதும் அனுமதி எங்களுக்கு…” என்றார். நிறுத்தினார். வேண்டாம் என்ற சொல் உதட்டுக்கு வந்துவிட்டது. வேம்புவுக்கு அது தெரிந்தது.

முதியவர் திணறுகிறார் என்று நினைத்து வல்லரசு உதவிக்கு வந்தார். அவர் கனிவான மனிதர் என்று முன்பே சொன்னேன். “தயங்காமல் சொல்லுங்கள் பெரியவரே. உங்களுடையதை உங்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?”

இதே மேடையிலிருந்து இதே கேள்வி ஏழு தடவை மண்ணாங்கட்டியின் காதில் விழுந்திருக்கிறது. பதில் சொல்ல யோசிக்கத் தேவையில்லாத கேள்வி. தும்மல் வருவதைப் போல வந்தது.

“முடியாது,” என்றார்.

முந்நூறு பேரும் கைதட்டினார்கள். அவர்களுக்கும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“இத்தினி வருசமா எட்த்துக்கினேதான் கீறீங்க,” என்றார் மண்ணாங்கட்டி. குரல் உயர்ந்துவிட்டது, அவருடைய ஏவல் இல்லாமலே. “கடல எட்த்தீங்க. ஆத்த எட்த்தீங்க. மூச்சு வுடற காத்த எட்த்தீங்க. எங்களுக்குன்னு எவனோ ஒரு புண்ணியவான் இன்னாவோ ஒண்ணு குட்த்துகீறான். அத்தயும் குடுன்றியே, உனக்கு…”

அப்போது அவர் கண் சுவரோரத்து நாற்காலியில் விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் நின்றுவிட்டது. கைதட்டல் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

வேம்பு மேடைக்கு ஓடினாள். “சார், அவரு தப்பா சொல்லிட்டாரு.”

“நீங்கள் உரிமையாளர்,” என்றார் வல்லரசு மெதுவாக. “மற்றவர்களின் கூட்டத்தில் உரிமையாளர் பேசினால் அது மிரட்டல் ஆகிவிடும்மா.”

மண்ணாங்கட்டி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “சாரே, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். எட்த்துக்கோங்க. எட்த்துக்கோங்க சாரே.” ஒரு மாதமாக நாக்கில் நிற்காத சொல் இப்போது சரளமாக வந்தது.

“ஆட்சேபத்தை வாபஸ் பெறுவது உங்கள் உரிமை,” என்றார் வல்லரசு. “அதற்குத் தனியாகக் கூட்டம் உண்டு. முப்பது நாள் முன்னறிவிப்பு.” பிறகு எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எழுதிவைத்த தாளைப் பார்க்காமல் பேசினார். “இந்த மண்டபத்தில் நாற்பத்தொரு கூட்டம் நடந்திருக்கிறது. ஒன்றில்கூட மக்களின் ஆட்சேபம் ஏற்கப்பட்டதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது. பெரியவர் மண்ணாங்கட்டியின் ஆட்சேபத்தை வாரியம் முழுமனதோடு ஏற்கிறது. மூன்றாவது ஏழு இனி யாராலும் குறைக்க முடியாதபடி நிரந்தரமாக்கப்படுகிறது.”

ஆட்சேபம் ஏற்கப்பட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நெட்டுக்குப்பத்து மீனவர்தான் முதலில் அழ ஆரம்பித்தார். மண்ணாங்கட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஜெயிச்சிட்டியே மாமு, ஒரே ஒரு ஆளு ஜெயிச்சிட்டியே,” என்றார். ஞானம் கையில் பொங்கல் பொட்டலத்தோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மிச்சமிருந்த மூன்று நாளும் வேம்பு சங்கக் கம்ப்யூட்டரின் முன்னாலேயே இருந்தாள். எதுவும் செய்யவில்லை. பக்கத்தைத் திறப்பாள், ஐந்நூறு வரும், மூடுவாள், மறுபடி திறப்பாள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் அவளையோ அவள் அப்பாவையோ ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களும் கைதட்டியவர்கள்தான். முப்பத்தொன்றாம் தேதி மாலை அலுவலக நேரம் முடிந்ததும் வாரியப் பட்டியலில் பதினோரு பெயர் இருந்தது.

அஜின் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தான். “ரெண்டு செகண்டு வேலை,” என்றான்.

பெயர் அடிபட்ட முந்நூற்றொரு பேரிடமும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்ட வாரியம், அவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தது. மேல்முறையீட்டை அவரவர் சங்கத்தின் பக்கம் வழியாக அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் வாரியத்திலிருந்து மண்ணாங்கட்டிக்குப் பதிவுத் தபால் வந்தது. உள்ளே பளபளப்பான அட்டை, அவருடைய படத்தோடு. கருத்துக் கேட்பில் எடுத்திருக்கிறார்கள். வாய் திறந்திருந்தது.

“கார்டு வந்துடுச்சு,” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. வேம்பு வாங்கிப் படித்து வாய் திறப்பதற்குள், அட்டையை எடுத்துக்கொண்டு சட்டையை மாட்டிக் கிளம்பிவிட்டார். அவள் பின்னாலேயே நடந்தாள். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பஸ் நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். யார்டு வாசல் வந்துவிட்டது.

காவலர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். முப்பத்தொரு வருடமாக அதே வாசலில் மண்ணாங்கட்டியைப் பார்க்கிறவர்.

“இது தொழிலாளர் கார்டு இல்லியே பெர்சு.”

“வாரியம் குட்த்ததுபா. சீல் கீதே.”

“சீல் கீது.” காவலர் படித்துக் காட்டினார். “மண்ணாங்கட்டி. மற்றவர், எண் ஒன்று. இவர் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்னு போட்டுகீது. உள்ள வரலாம்னு போடல.”

மண்ணாங்கட்டி வேம்புவைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்டித்தான் போட்டுகீதா கண்ணு?”

“ஆமா நைனா.”

காவலர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, லாரி ஒன்று வருகிறது, ஓரமாக நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். இருவரும் மதில் ஓரமாக ஒதுங்கினார்கள். ஜஹானாரா இட்லிக் குண்டானைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் கொடுத்தார். லாரி போனது. இன்னொன்று வந்தது. உள்ளே வின்ச்சு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மண்ணாங்கட்டி சட்டைப் பையிலிருந்து பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்தார். நூற்று எண்பத்தேழாம் எண் அட்டை முப்பத்தொரு வருடம் இருந்த உறை. வாரியம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டதிலிருந்து அது காலியாக இருந்தது. புதிய அட்டையை அதற்குள் நுழைத்தார்.

அளவு சரியாக இருந்தது.